பத்துப் புள்ளி

நல்ல மனசோடு செய்கிற மடத்தனத்துக்கு மருந்தே கிடையாது. சில்வெஸ்டர் மாஸ்டரின் போட்டியும் அந்த வகைதான். கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன மண்டபத்தில், குடியை விட நினைக்கிறவர்களுக்காகச் சனிக்கிழமை தோறும் ‘எழுந்து நட’ என்றொரு கூட்டம் நடத்துகிறார் மாஸ்டர். அவரும் ஒரு காலத்தில் குடித்துக் குப்புற விழுந்தவர்தான். கூட்டம் பதினாலு பேரைத் தாண்டவில்லையே என்று கவலைப்பட்ட மனுசன், இருந்தவர்களை நீலம், சிவப்பு என்று இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார். கடைக்காரரிடம் கேட்டு ஒரு நோட்டீஸ் ஒட்டினால் ஒரு புள்ளி. மண்டபத்துக்குள் முதல்முறை காலடி வைக்கிற ஆளைக் கூட்டிவந்தால், அது குடிக்கிறவராக இருந்தாலும் சரி, அவர் வீட்டாராக இருந்தாலும் சரி, பத்துப் புள்ளி. தோற்ற அணி வென்ற அணிக்குப் புரியாணி போட வேண்டும்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் குடிக்கிறவனைத் தேடி எங்கே போவது? பீடத்தடியிலா நிற்பான்? சாராயத் தவறணையில்தான் நிற்பான். பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறோம் என்பது மாஸ்டருக்கும் விளங்கவில்லை, மற்றப் பதினாலு பேருக்கும் விளங்கவில்லை.

ஐறீனுக்கு விளங்கியது, போட்டியின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் மகள் டில்ஷானி வந்து சொன்னாள்.

“மம்மி, டடா றமேஷ் அங்கிளைக் கூட்டிவரப் போயிட்டார். நீல டீம் பதினைஞ்சு பொயின்ற் பின்னுக்காம்.”

“எங்க போனவர்?”

“வேற எங்க? அங்கதான்.”

ஐறீன் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அவள் புருசன் ஹியூபேட் குடியை விட்டு அன்றோடு நூற்றி நாற்பத்து மூன்று நாள். அதற்கு முன்னம் வேலை செய்கிற துறைமுகத்தடிக் கந்தோரில் இரத்தமாய்ச் சத்தியெடுத்து, பதினொரு நாள் வார்டில் கிடந்தான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். “இனி ஒரு கிளாஸ் குடிச்சா என்னட்டக் கொண்டு வராதீங்க. நேரே ஃபாதரிட்டக் கொண்டு போங்க.”

அந்த நாள் தொட்டு அவளுக்கு ஒரு பழக்கம். ஹியூபேட் வேலையால் வந்ததும் வாசலிலேயே சேர்ட்டைக் கழற்றிக் கொடுப்பான். தோய்க்கப் போடுகிற சாட்டில் அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, மணந்து பார்ப்பாள். வேர்வை மட்டும்தான் மணக்கிறது என்றால் அன்றிரவு நித்திரை வரும். ஆண்டவர் தந்த நூற்றி நாற்பத்து மூன்று நாளையும் இப்படித்தான் அவள் கழித்தாள்.

வீட்டு உடுப்போடு, பாட்டாச் செருப்போடு ஓடினாள். ஓட ஓட வாய் செபம் சொன்னது, மனம் றமேஷைத் திட்டியது. பதினெட்டு வருசமாய் ஹியூபேட்டைக் குடிக்கக் கூட்டிப்போன சனியன் அவன். கட்டையில் போகிறவன். எத்தனை தடவை வாசலில் வைத்து மண்ணள்ளிப் போட்டுத் திட்டியிருப்பாள்!

தவறணைக்கு எதிரே, லொத்தர் டிக்கெட் விற்கிற கூண்டுக்குப் பக்கத்தில் ஹியூபேட் நின்றான். கையில் மாஸ்டரின் நோட்டீஸ் வேர்வையில் ஊறிக் கசங்கியிருந்தது. ஐறீன் கிட்டப் போய் அவன் வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

“உள்ளுக்குப் போனீங்களா?”

“இல்ல. முக்கா மணித்தியாலமா இங்கயே நிக்கிறன். கால் தன்பாட்டில போகப் பார்க்குது ஐறீன், நான் பிடிச்சு வச்சிருக்கிறன்.”

“கடவுளே! வாங்க வீட்ட.”

“அவனை விட்டிட்டு வரேலாது. கண்ணெல்லாம் மஞ்சள். எனக்கு வந்த மாதிரியேதான்.”

அவனை இழுத்துப் போனாலும் தனியே திரும்பி வருவான். இங்கேயே விட்டாலோ, அந்தக் கால்கள் இன்னும் எத்தனை நிமிசத்துக்குத் தாங்கும்? “அசையாதீங்க. அந்தோனியார் மேல ஆணை,” என்று சொல்லிவிட்டு அவளே வீதியைக் கடந்தாள்.

பிறந்ததிலிருந்து அவள் தவறணைப் படி ஏறியதில்லை. கம்பிவலைக்குப் பின்னால் நின்றவன் பதறிப்போய், “நோனா, மெஹாட்ட என்ன எப்பா!” என்று சிங்களத்தில் கத்தி, வரவேண்டாம் என்று இரண்டு கையாலும் மறித்தான். அவள் கேட்கவில்லை. சாராயமும் பொரித்த கடலையும் சேர்ந்த மணம் முகத்தில் அடித்தது. கதைத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இருந்த றமேஷ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றான்.

“அக்கா?”

“பதினெட்டு வருசம் என்ர மனுசனைக் கெடுத்தது போதாதா உனக்கு? உனக்காக அவர் வெளியில நடுங்கிக்கொண்டு நிக்கிறார். நட!”

றமேஷ் அவளை விளங்காமல் பார்த்தான். “நானா கெடுத்தனான்? அக்கா, எனக்கு முதல் கிளாஸை ஊத்தித் தந்ததே ஹியூபேட் அண்ணன்தான். நான் முதல் சம்பளம் எடுத்த அண்டைக்கு. அண்ணன் உங்களுக்குச் சொல்லேல்லயா?”

அவன் குத்திக் காட்டவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அத்தனை வருசம் அள்ளிப் போட்ட மண்ணெல்லாம் யார் தலையில் விழ வேண்டியது? “சரி, நட,” என்றாள், இந்தமுறை தணிந்த குரலில்.

மூன்று பேரும் நடந்தார்கள், ஐறீன் நடுவில். மண்டபத்து வாசலுக்கு வந்தபோது உள்ளே பாட்டுத் தொடங்கியிருந்தது. றமேஷின் கால் நின்றுவிட்டது.

“அண்ணே, வாயில மணத்தோட எப்பிடி உள்ளுக்கு வாறது? வாற சனிக்கிழமை வாறன்.”

சொன்னதுதான் தாமதம், திரும்பி நடந்தான். வீட்டுப் பக்கம் அல்ல, வந்த பக்கம்.

“பொறு, நான் கூட்டிக்கொண்டு வாறன்,” என்று ஹியூபேட்டும் பின்னால் கிளம்பிவிட்டான். இந்தமுறை அவன் காலைப் பிடித்து வைத்திருக்கவில்லை. ஐறீனுக்கு அது தெரிந்தது. போனால் தவறணைக்கு உள்ளேயே போய்விடுவான். கத்தினால் நிற்பானா? பதினெட்டு வருசம் கத்திப் பார்த்தவள்தானே. அழுதும் பார்த்தாயிற்று.

“இஞ்சேருங்கோ!” என்றாள். “நான் உள்ளுக்கு வாறன். என்னைக் கூட்டிக்கொண்டு போங்க.”

ஹியூபேட் நின்றான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனோடு வந்து, மண்டபத்துக்கு வெளியே மாதா கெபியடியில் செபமாலையோடு இருந்துவிட்டுப் போகிறவள் அவள். மாஸ்டர் எத்தனையோ தரம் கூப்பிட்டும், “குடிக்கிறது அவர், நான் ஏன் வரவேணும்?” என்று ஒரே பதில்தான்.

“றமேஷ்...” என்றான்.

“றமேஷிட்ட வாற கிழமையும் நான்தான் போவன். நீங்க அந்தப் பக்கமே போகப்படாது. இப்ப வாங்க. எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கு.”

அது சாட்டு இல்லை. அது ஹியூபேட்டுக்கும் விளங்கியது. றமேஷ் மறைந்த திருப்பத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு வந்து அவள் கையைப் பிடித்தான்.

உள்ளே மாஸ்டர் கரும்பலகையில் நீலத்துக்குக் கீழே பத்து என்று எழுதினார். அப்படியும் ஐந்து குறைவு. சிவப்பு அணி “புரியாணி! புரியாணி!” என்று மேசையில் தட்டியது. மாஸ்டர் கையுயர்த்தி அவர்களை அடக்கிவிட்டு ஐறீனைப் பார்த்தார். புதிதாக வருகிறவர் தன் பெயரும் ஓர் உண்மையும் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“என்ர பேர் ஐறீன்.” ஹியூபேட்டைக் காட்டினாள். “இவர் வேலையால வந்தோண்ண சேர்ட்டை வாங்குறனான். தோய்க்க இல்ல. குடிச்சிருக்கிறாரோ எண்டு மணந்து பார்க்க. ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான். இண்டைக்கும் பார்ப்பன். எனக்கு அவ்வளவு பயம்.”

புருசனைச் சபையில் வைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

“தெரியும்,” என்றான் பக்கத்தில் நின்ற ஹியூபேட். “அதுக்குத்தானே வாசல்லயே கழட்டித் தாறனான்.”