முதலிலிருந்து சொல்லு

மராட்டி பேசும் ஊரான கோர்படியின் ரயில்வே குவார்ட்டர்ஸில் வேதநாயகி போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். செருப்பைக் கழற்றும்போதே இந்தியையும் மராட்டியையும் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். வாய் தவறி ஒரு சொல் வந்தாலும் போச்சு, சொன்னதை முதலிலிருந்து தமிழில் சொல்ல வேண்டும். ஊருக்குப் போயிருந்தபோது ஆம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் மகள் கீர்த்தி, வயிறு நிறைந்துவிட்டது என்பதை இந்தியில் "பேட் பர் கயா" என்று சொல்லி இலையை மூட, நாத்தனார் கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வேதநாயகிக்கு இன்னும் செரிக்கவில்லை. புருஷன் துரைசாமி மட்டும் காய்க்கு சப்ஜி, லீவுக்கு சுட்டி என்று இஷ்டத்துக்கு இந்தி கலந்து பேசுவார். ரயில் ஷெட்டில் உழைத்துக் களைத்து வரும் மனுஷனிடம் சட்டம் பேச முடியுமா?

அன்று கீர்த்தி பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, சுனோ நா, ஸ்கூல்ல ஸ்பர்தா வெச்சாங்கல்ல, அதுல..."

"தமிழ்ல."

"போட்டி வெச்சாங்க. பாயி சொன்னாங்க, கோலாப்பூருக்கு..."

"பாயி இல்ல, டீச்சர். முதல்லேர்ந்து சொல்லு."

டீச்சர் மட்டும் தமிழா என்று திருப்பிக் கேட்க அந்தப் பெண்ணுக்குத் தமிழ் போதவில்லை.

"போட்டில... டீச்சர் உன்ன... சனிவார்குள்ள..."

"சனிக்கிழம."

கீர்த்தியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணுமில்ல. பசிக்குது."

மறுநாளும் ஏதோ ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். வேதநாயகிக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாவது படிக்கிற பெண், வீட்டில் 'ம்', 'சரி' தவிர ஒரு வார்த்தை கிடையாது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள்? பேசத்தானே சொல்கிறோம், பேசாதே என்றா சொன்னோம்?

அடுத்த வாரம் மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு ஷிந்தே அக்கா மராட்டியில் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் கீர்த்திதான் முதலாம். கோலாப்பூர் போட்டிக்கு அழைத்துப் போக, சனிக்கிழமைக்குள் அம்மா வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாளாம். 'அம்மா விடமாட்டாள்' என்று கீர்த்தியே டீச்சரிடம் சொல்லிவிட, வேறு பெண் போய்விட்டாளாம்.

"இவ்வளவு அழகா பேசுற பிள்ளைய ஏன் அடைச்சு வெக்கிற?" என்று வேறு கேட்டாள்.

வேதநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊமை மாதிரி திரிகிறவள் பேச்சுப் போட்டியில் முதலா? நான் எப்போது விடமாட்டேன் என்றேன்? மாலையில் கீர்த்தி உள்ளே வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஃபர்ஸ்ட் வந்தியாமே. பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொல்ல வந்தேன்."

"அப்புறம்?"

"தமிழ்ல சொல்லுன்ன. வரல."

"வரலன்னா? அதுக்குன்னு நான் விடமாட்டேன்னு சொல்லுவியா?"

"டீச்சர்கிட்ட அப்படிச் சொல்றது ஈசியா இருந்துச்சு."

வேதநாயகிக்கு அடித்துவிடலாம் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. "சரி, இப்ப சொல்லு. இந்தியோ மராட்டியோ, எதுலயாவது சொல்லித் தொல."

கீர்த்தி பையை ஆணியில் மாட்டினாள். "வேணாம்மா. முடிஞ்சுபோச்சு," என்றாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் கேட்டது. தங்குதடையில்லாமல் பொழிந்தாள். பதினைந்து வருஷம் மராட்டியில் காய்கறி பேரம் பேசிய வேதநாயகிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மேடை ஏறியது, கைதட்டல், டீச்சர் கட்டிப்பிடித்தது, தனக்குப் பதில் போன பெண்ணை பஸ் ஏற்றிவிட்டு வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு குரல் உடைந்தது. ஷிந்தே அக்காவின் மடியில் அழுகிறாள் போலிருந்தது.

வேதநாயகி பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அவளைக் கண்டதும் கீர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச்சை நிறுத்திவிட்டாள்.