அண்ணன் சொல்றதக் கேட்டு நட

கதை எழுதிப் பழகிய கையன்று இது. விண்ணப்பங்களும் நன்றிக் கடிதங்களும் தவிர இதுவரை வேறொன்றும் எழுதியதில்லை. பிறர் வீட்டுத் துயரத்தைச் சொல்லத் துணிந்ததையும், சொல்லும் முறையில் நேரும் குறைகளையும் வாசிப்பவர்கள் அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய குறையாகிவிடுமோ என்ற அச்சத்தில்தான் தொடங்குகிறேன்.

புரட்டாசி மாதத்து மாலை. ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் இருந்த தங்கள் உரக்கடையில் ஃபிளோரா தனியாக நின்று திணறிக்கொண்டிருந்தாள். சம்பா நடவு தொடங்கிவிட்டதால் மூச்சுவிட நேரமில்லை. கணவர் அருள்பிரகாஷ் சரக்கு ஏற்றிவரத் தஞ்சாவூர் போயிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் கிளாட்சன் கடைக்குப் பின்னால், மூட்டைகள் அடுக்கிய அறையில், கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவரிடம் அவன் சிரித்துச் சிரித்துப் பேசுவது கல்லா வரைக்கும் கேட்டது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சிமருந்து வாங்குகிறவர்களுக்குத் தெளிப்பானையும் இரவலாகக் கொடுத்து அனுப்புவார்கள். புதுமுகமாக இருந்தால் ஃபிளோரா இரண்டு கேள்விகள் கேட்பாள். எந்த ஊரு? யாரு வீடு? ஊரும் வீடும் பொருந்திவிட்டால் தெளிப்பான் கைமாறிவிடும். அப்படிப் போனது ஒருமுறைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. மனிதரை நிறுக்க அதைவிட நல்ல தராசு ஒன்று வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் உள்ளே போய், யாருடன் பேச்சு என்று கேட்டாள். தமிழ் அண்ணன் என்றான் கிளாட்சன். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, அந்த முகமற்ற குரலிடமும் தன் இரண்டு கேள்விகளையே கேட்டாள்.

குரல் பதறவில்லை. மிகுந்த பணிவோடு வணக்கம் சொன்னது. பெயர் தமிழரசன், திருச்சியில் படிப்பு, சொந்த ஊர் கண்ணந்தங்குடி என்றது. "எல்சி டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க தங்கச்சி மகன்தாங்கக்கா நான். போன அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பரங்கிக்காய்க்காக மாமா அவரு மச்சானோட மல்லுக்கு நின்னாரே, அன்னைக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்."

ஃபிளோராவுக்குச் சிரிப்பு தாளவில்லை. தேவாலயக் காணிக்கை ஏலத்தில் ஃபிளோராவின் தம்பியிடம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அருள்பிரகாஷ் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போய் அந்தப் பரங்கிக்காயைத் தோளில் சுமந்து வந்ததையும், வாரம் முழுவதும் வீட்டில் அதே கூட்டு கொதித்ததையும் சபையில் அறியாதவர் இல்லை. எல்சி டீச்சரோ கிளாட்சனுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்பவர். எங்கிருந்தோ மாற்றலாகி வந்து கண்ணந்தங்குடியில் குடியிருப்பவராதலால் அவருடைய உற்றார் உறவினரை ஃபிளோரா அறியமாட்டாள். ஆயினும் என்ன, ஊர் பொருந்தியது, வீடும் பொருந்தியது. வாசலில் யாரோ பொட்டாஷ் கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"நம்ம புள்ளையாப் போயிட்டப்பா நீ. இவனைக் கொஞ்சம் பாத்துக்க. சொன்ன பேச்சு கேக்கலன்னா ரெண்டு போடு," என்றவள் மகனிடம் திரும்பி, "அண்ணன் சொல்றதக் கேட்டு நட," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த மாதங்களை இப்போது அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். பாடிக்கொண்டே குளிக்கிற பிள்ளை, கைப்பேசியையும் உள்ளே எடுத்துப்போய்த் தாழிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் குளித்துவிட்டு வந்தான். அது அதிர்ந்தால் அவன் தோளும் அதிர்ந்தது. டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்குத் தொண்டை சரியில்லை என்று வர மறுத்தான். தொண்டைக்கு மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். தொண்டையைத் தவிர வேறெதையும் அவள் கேட்கவில்லை. ஒருநாள் மனம் பொறுக்காமல் கணவரிடம் சொன்னபோது அவர், "பொட்டப்புள்ளைன்னாத்தான் வயித்துல நெருப்பு. இவன் ஆம்பளப் பய. மீசை மொளைக்கிற வயசு, அப்படித்தான் இருப்பான், விடு," என்றார். அந்தச் சொல் அவளுக்கும் ஆறுதலாகவே இருந்தது.

அறுவடை முடிந்து இவ்வாண்டின் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனைக்குப் பிறகு ஆலய வளாகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. முதல் நெற்கதிர், வாழைத்தார், தேங்காய்க் குலை என்று ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டினார்கள். காணிக்கைக்காகத் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சேவலைக் கிளாட்சன் நெஞ்சோடு அணைத்தபடி முறைக்குக் காத்திருந்தான். பரங்கிக்காய் வந்ததும் கூட்டம் அருள்பிரகாஷைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "மாமா, இந்த வருஷமும் ஒரு வாரத்துக்குக் கூட்டா?" என்று மச்சான் சீண்டினார். ஃபிளோராவும் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற எல்சி டீச்சரிடம் கேட்டாள்.

"உங்க தங்கச்சி மகன் தமிழரசன் பண்டிகைக்கு வரலீங்களா டீச்சர்?"

"எனக்கு ஏதும்மா தங்கச்சி? எங்க வீட்டுல நான் ஒருத்திதான்."

அந்தப் பெயர் காதில் விழுந்த கணமே கிளாட்சனின் கை தளர்ந்தது. சேவல் நழுவிக் குதித்து, கால்களுக்கிடையே புகுந்து ஓடியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு துரத்தினார்கள். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கிளாட்சன் மட்டும், சேவல் இன்னும் அங்கே இருப்பதுபோல், இரண்டு கைகளையும் நெஞ்சருகே குவித்தபடி நின்றான். அந்தக் கைகளைக் கண்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆலயத்தின் பின்புறம் அழைத்துப் போனாள். கிளாட்சன் சிறுகச் சிறுகச் சொன்னான். முதலில் விளையாட்டுக்குள் புதுத் துப்பாக்கியும் பளபளக்கும் சட்டையும் பரிசாக வந்தன. பிறகு, நமக்குள் இருக்கட்டும் என்று ஒரு பேச்சு. பிறகு தமிழரசன் ஒரு படம் கேட்டான். அனுப்பிய பின், அதையே வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி மேலும் மேலும் கேட்டான். மாட்டேன் என்று அழுத போதெல்லாம் ஒன்றையே சொன்னானாம்: உங்கள் அம்மாவே உன்னை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

"நீதானம்மா அவரு சொல்றதக் கேக்கச் சொன்ன," என்றான் கிளாட்சன். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. விவரம் சொல்லும் குரல்.

வீட்டுக்கு வந்து விஷயம் கேட்ட அருள்பிரகாஷ் கைப்பேசியைத் துவைக்கும் கல்லில் ஓங்கி அடித்தார். சில்லுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டு, அடுப்பெதிரிலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாள் தஞ்சாவூரில் இணையக் குற்றப் பிரிவின் பெண் ஆய்வாளர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். மிரட்டியவன் அனுப்பியதெல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தது. உடைக்காமல் கொண்டுவந்திருந்தால் ஆளைத் தேட உதவியிருக்கும் என்று கடிந்துகொள்ளாமல் சொன்னார். அறிமுகமில்லாத குரல்கள் உள்ளே வராதபடி அடைத்துவைக்க அந்த விளையாட்டிலேயே ஓர் இடம் இருப்பதைத் தம் கைப்பேசியில் திறந்து காட்டினார். ஒருமுறை விரல் வைத்தால் போதும். தினமும் கடை பூட்டும்முன் மின்சார மெயினை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று திரும்பிவந்து பார்க்கிற ஃபிளோரா அந்தச் சிறு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் எங்க ஊர் ஆளே இல்லீங்களா மேடம்?"

"ஒரத்தநாட்டைக் கண்ணால பாத்திருப்பானான்னே சந்தேகம்தாங்க. உங்க புள்ள அவன்கிட்ட சொன்னதத்தான் உங்ககிட்ட திருப்பிச் சொல்லியிருக்கான்."

பரங்கிக்காய், மச்சான், எல்சி டீச்சர். அவள் தராசில் வைத்து நிறுத்தது தன் வீட்டுச் சொற்களைத்தான். பொருந்தாமல் எப்படிப் போகும்?

பையன் மேல் குற்றமில்லை என்று அவன் காதுபடச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார் ஆய்வாளர். ஃபிளோரா சொல்கிறாள். சோறு போடும்போது சொல்கிறாள், தலை துவட்டும்போது சொல்கிறாள். "சரிம்மா," என்கிறான் கிளாட்சன், கடைக்கு வந்த அந்நியரிடம் பேசுவதுபோல் மரியாதையாக. நேற்று ஒரு புதுமுகம் வந்து தெளிப்பான் கேட்டது. கேட்காமலே தன் ஊரையும் வீட்டையும் சொன்னது. அவர் பொய் சொல்பவராகத் தெரியவில்லை. ஆனாலும் தெளிப்பானின் தோள்வாரைப் பிடித்திருந்த ஃபிளோராவின் கை அதை விடவில்லை.

போனவற்றைக் கூட்டிச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு கைப்பேசியும் அதிலிருந்த சாட்சியமும். எங்கே போயின, எத்தனை என்று தாயும் கேட்காத, மகனும் சொல்லாத படங்கள். கீத பவனியில் ஒரு குரல். குளியலறைப் பாட்டு. எந்த ஊரு, யாரு வீடு என்ற இரண்டு கேள்விகள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளை வைத்திருந்த எண்ணம். பிறகு, அந்தச் சேவல். மதில் தாண்டி அறுத்த வயலுக்குள் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு, பிடித்தவர் யாருமில்லை.