அண்ணன் அளவு

குப்புறப் படுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மல்லாந்து படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சைக்கிள் சீட்டு படும் இடத்தில், இடது பக்கம், ஒரு கட்டி. முதலில் உரசல் மாதிரி எரிந்தது. இப்போது கோலிக்குண்டு அளவுக்கு இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. இன்ன இடத்தில் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பந்தயம். முதல் ஆறு பேருக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். வராவிட்டால், பள்ளிக்கூடம் முடிந்ததும் அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனிதான். அப்பா அங்கே பேசியே வைத்துவிட்டார்.

அப்பா பஸ் பணிமனையில் பிரேக் பார்ப்பவர். அண்ணனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அண்ணன் பெரிய பந்தயத்தில் ஜெயித்த அன்றைக்கு, சீட்டைத் தாங்கும் கம்பியில் அரத்தால் ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பெயர் அண்ணன் அளவு. பிறகு அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டான். சைக்கிளும் கோடும் எனக்கு வந்தன.

நானும் அவனும் ஒரே உயரம்தான். ஆனால் எனக்குக் கால் குட்டை. பெடலை அடிவரை மிதிக்க இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டும். அப்பா ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவார்.

"இடுப்ப ஆட்டாத. பேஷன் ஷோவா நடத்துற?"

"சீட்டு கொஞ்சம் உயரமா இருக்குப்பா."

"சீட்டு சரியாத்தான் இருக்கு. உக்கார்றவதான் சரியில்ல."

எரிகிறது என்று மட்டும் ஒருநாள் சொன்னேன். பாட்டிலில் ஸ்பிரிட் கொண்டுவந்து கொடுத்தார். தடவிக்கொண்டே இருந்தால் தோல் காய்த்துப்போகுமாம். தடவிய அன்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அம்மா தன் பங்குக்கு, ஷார்ட்ஸுக்குள் இருக்கும் பஞ்சுக்கு மேல் இன்னொரு துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தாள், மெத்தென்று இருக்கட்டும் என்று. அந்தத் தையல் சரியாகக் கட்டி மேலேயே ஓடியது.

இன்று சாயங்காலம் அண்ணன் வந்தான். நான் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்தான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஷார்ட்ஸை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டான்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ஒடஞ்சிருக்கா?"

"இல்ல. காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்குண்ணா."

"ஸ்பிரிட் குடுத்தாரா?"

தலையாட்டினேன்.

"மனுஷன் இன்னும் திருந்தலையா. என் மேல ஒரு பாட்டிலயே காலி பண்ணினாரு." படியில் உட்கார்ந்து அம்மா போட்ட தையலைப் பிரித்துக்கொண்டே பேசினான். "பிதுக்கிடாத. வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் குடு. காய்ச்சல் வேற இருக்குன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும், சீட்டுல உக்காரவே கூடாது. ஓட்டி முடிச்சதும் ஈர ஷார்ட்ஸோட கத பேசிட்டு நிக்காத, ஒடனே மாத்து. தெனமும் தோச்சதத்தான் போடணும். உள்ள வேற எதுவும் போடாத."

"உயரம்?"

அவன் சிரித்தான். எனக்குப் பிடிக்காத சிரிப்பு.

"அந்தக் கோட்டுல நான் ஒரு நாளும் ஓட்டினதில்ல."

அவன் ஓட்டிய காலத்தில் அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், பின்னால் வரமாட்டார். தெருமுனை திரும்பியதும், காலுறைக்குள் வைத்திருக்கும் ஆலன் கீயால் சீட்டை இறக்கிவிடுவானாம். வீடு வரும்போது மறுபடி ஏற்றிவிடுவானாம். ஜெயித்த அன்றும் கூட்டத்துக்குள் நின்று ஏற்றிவிட்டுத்தான் அப்பாவிடம் சைக்கிளைக் கொடுத்திருக்கிறான். அப்பா கோடு இழுத்தது அந்த உயரத்துக்கு.

"என் பின்னாடிதான் வந்துட்டே இருக்காரே. நான் எங்க எறக்கறது?"

"நான் சொல்லிடறேன்."

"வேணாம்ண்ணா. ப்ளீஸ்."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் கட்டி வந்திருக்குப்பா. சீட்டு உயரம் தப்பு. அந்தக் கோடே தப்பு."

"கோட்டுலதான்டா நீ ஜெயிச்ச."

"இல்லப்பா. எறக்கி வெச்சுத்தான் ஓட்டினேன். எப்பவுமே."

அப்பா நிமிர்ந்தார். "அன்னிக்குமா?"

"அன்னிக்கும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள். "கட்டின்னு சொல்றான். மொதல்ல அத என்னன்னு கேளுங்க."

அப்பாவின் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. "டிப்போல ஒருத்தன் விடாம கூப்பிட்டுக் காட்டினேன்டா, அந்தக் கோட்ட," என்றார். குரலை உயர்த்தவில்லை. கையைக் கழுவினார். சைக்கிளைக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, சீட்டுக்குக் கீழே இருக்கும் போல்ட்டைத் தளர்த்தினார். இறக்கப்போகிறார் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அவர் கம்பியோடு சேர்த்து சீட்டை மொத்தமாக உருவி, மேசையில் எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சீட்டுதான பிரச்சின? உக்காந்தாத்தான கட்டி? காலைல இருந்து நின்னுக்கிட்டே ஓட்டட்டும். பந்தயத்தன்னிக்கு மாட்டித் தரேன். கோட்டுக்கு."

"அறிவோடதான் பேசறீங்களா? அசந்து உக்காந்துட்டான்னா சீட்டில்லாத அந்த ஃப்ரேம் குழாய் உள்ள குத்திடும்பா."

"அப்ப அசர மாட்டா." அண்ணனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "என்னம்மா, முடியுமா, முடியாதா? நீயாவது உண்மையச் சொல்லு."

"முடியும்பா."

அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. டாக்டர் என்றால் பந்தயம் போச்சு, பந்தயம் போனால் தையல் கம்பெனி, அதுதான் மண்டைக்குள் ஓடியது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் மறக்க முடியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இனிமே நான் என்னத்தச் சொல்ல," என்றான் அம்மாவிடம். சாப்பிடாமலேயே போய்விட்டான்.

படுத்த பிறகு அம்மா வந்து வெந்நீர்த் துணியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். துணி ஆறிவிட்டது. உடம்புதான் கொதிக்கிறது. எழுந்துபோய் முடியாது என்று சொல்லிவிடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. கூடத்தில் அப்பா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.