ஓலைத்தொடுவாய்க்கு ஒரு சைக்கிள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தச் சைக்கிளை நான் கோபத்தில்தான் வாங்கினேன்.

மன்னாரில் அரசாங்க மருத்துவிச்சியாக வேலை கிடைத்து எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாராபுரத்திலிருந்து ஓலைத்தொடுவாய் வரை எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் எடித் மிசிதான், அதாவது நான்தான், போகவேண்டும். போவதற்குக் கடவுள் இரண்டு கால் தந்திருந்தார், அரசாங்கம் ஒரு தோல்பை தந்திருந்தது. அவ்வளவுதான். மாட்டுவண்டிக்காரனைக் கூப்பிட்டால், மாடு முதலில் தண்ணீர் குடிக்கட்டும் என்பான். ரயில் ஓடியதுதான். ஆனால் ரயில் நேரம் பார்த்தா பிள்ளை பிறக்கும்?

போன வருடம் ஓலைத்தொடுவாயில் றஞ்சிதத்துக்கு முதல் பிள்ளை. ஆள் வந்து சொன்னவுடனே புறப்பட்டேன். ஏழு மைலுக்கு மேல் மணல். ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுக்கிற மணல். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி நீலம் பாரித்துக் கிடந்தது. அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் அந்தக் கொடியை என் விரலாலேயே கழற்றியிருப்பேன். றஞ்சிதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் நடந்து வந்தனீங்கள் மிசி. அது அதுக்குள்ள போயிட்டுது."

பிறகு அவள் என்னோடு பேசவேயில்லை. மடு மாதா திருவிழாவில் நேருக்கு நேர் கண்டபோதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மறுபடியும் ஏழு மாதம் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறையும் பிந்தினேன் என்றால் நான் என்ன மருத்துவிச்சி? தூ! அடுத்த நாளே சைக்கிள் வாங்கப் புறப்பட்டேன்.

கூடவே என் அண்ணன் யாகப்பரும் வந்தார். மீன்பிடிகாரர். கடலைத் தவிர வேறெதுவும் அறியாதவர், ஆனால் எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பவர்.

கடைத்தெருவில் அப்துல் றசாக் நானாவிடம் மூன்று சைக்கிள் நின்றன. முதலாவது இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தது. மினுமினுப்பில் என் முகம் தெரிந்தது. விலையைக் கேட்டதும் அந்த முகம் செத்துப்போனது, ஐந்து மாதச் சம்பளம். இரண்டாவது ஜப்பான்காரன் செய்தது. மலிவு, ஆனால் அண்ணன் அதை ஒரு கையால் தூக்கிவிட்டு, "கச்சான் காத்துக்கு இது இந்தியாவுக்குப் போயிடும்" என்றார். மூன்றாவது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ரயில்வே எஞ்சினியர் ஒருவரின் பெண்சாதி விற்றுவிட்டுப் போனதாம். நடுவில் குறுக்குக்கம்பி இல்லை. வர்ணம் உரிந்து போயிருந்தது. ரயர் இரண்டும் என் மணிக்கட்டுப் பருமன்.

அண்ணன் குந்தியிருந்து அதன் குழாய்களை மடக்கிய விரல் மூட்டால் தட்டினார். வள்ளத்தின் பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல் காதை வைத்துக் கேட்டார். திடீரென்று எழும்பினார்.

"றசாக்! இது உளுத்துப்போச்சு! உள்ளுக்கு ஒண்டுமேயில்லை!"

"யா அல்லாஹ்! எல்லாச் சைக்கிளும் உள்ளுக்கு வெறுங்குழாய்தான் யாகப்பர்! அந்தப் புதுசையும் தட்டிப் பாருங்கோ!"

தட்டிப் பார்த்தார். அதுவும் வெறுமைதான். அந்த விலைக்கு வெறுமையை விற்கிறார்களே என்று அவருக்கு வெகு நேரம் ஆறவில்லை.

"ரெண்டுபேரும் வாயை மூடுங்கோ" என்றேன். "நான் கடைத்தெருவில ஓட இதை வாங்கேல்லை. மூண்டையும் மணலுக்குக் கொண்டு வாங்கோ."

றசாக் நானா முறைத்தார். வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் கொண்டுவந்தார். கரையோர மணலில் ஒவ்வொன்றிலும் ஓர் அரிசிச் சாக்கை ஏற்றி உருட்டச் சொன்னேன். புதுசு பத்தடியில் கத்தி இறங்கியதுபோல் இறங்கி நின்றுவிட்டது. ஜப்பான்காரன் அதைவிட மோசம். மூன்றாவது முனகிக்கொண்டு போனது, ஆனால் போனது. அதன் தடம் அகலமாக, மேலோட்டமாகக் கிடந்தது. அண்ணன் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தட்டையடி வள்ளம்" என்றார் கடைசியில். "ஆழமில்லாத தண்ணியில இதுதான் ஓடும். எடு பிள்ளை."

பேரம் இரண்டு மாதச் சம்பளத்தோடு முடிந்தது.

பழக்கியதும் அவர்தான், தனக்கு ஓடத் தெரியாமலே. "சுக்கானைப் பிடி! சுக்கானைப் பிடி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார். ஹாண்டிலைத்தான் சொல்கிறார். விழுந்தேன், முழங்கால் உரிந்தது, வேலியோரப் பெண்கள் சிரித்தார்கள், நானும் நல்ல வார்த்தையாக நாலு கொடுத்தேன். ஒரு மாலை பின்னால் சத்தம் வரவில்லையே என்று திரும்பினால், அண்ணன் நூறு கஜம் தள்ளி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நிற்கிறார். சேசு மரி சூசையே! இவ்வளவு தூரமும் நான் தனியாகவா வந்தேன்?

றஞ்சிதத்துக்குப் பிரசவ நோக்கண்டுவிட்டதென்று மீன் வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னபோது காலை எட்டு மணி இருக்கும். பையைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ஒரே நாற்றம். அண்ணன் விடியப்புறம் எழும்பி, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைச் சைக்கிள் முழுக்கப் பூசி வைத்திருந்தார். செயின், கம்பி, சில்லு, பிறேக் கட்டை, ஒன்றையும் விடவில்லை.

"ஆர் இதைச் செய்யச் சொன்னது?"

"வள்ளத்துக்குப் பூசுறம்தானே!"

சண்டை பிடிக்க நேரமில்லை. ஏறினேன்.

தாராபுரம் தாண்டுவதற்குள் எண்ணெயில் மணல் அப்பி, செயின் கடகடவென்று அரைத்தது. வண்டிப்பாதையில் மணல் வரவரக் கூடியது. கொழுத்த ரயரே புதையத் தொடங்கிவிட்டது. இறங்கித் தள்ளினேன். பழையபடி நடை! ஆத்திரத்தில் எனக்கு அழுகை முட்டியது. கோபத்தில் சைக்கிளைத் திருப்பி, தாழம்புதருக்கூடாகக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடல் வற்றிக் கிடந்தது.

எத்தனை வருடம் பார்த்த கடல்! ஆனால் அதன் ஓரத்தில் இப்படி ஒரு தெரு இருப்பதை நான் கண்டதேயில்லை. ஈர மணல், சீமெந்து போட்டதுபோல் இறுகி, கண்ணுக்கு எட்டும்வரை ஒரு கல் இல்லாமல், ஒரு கழுதை இல்லாமல், ஒரு மனித அடி இல்லாமல் கிடந்தது. ஏறி மிதித்தேன். சில்லு புதையவில்லை. சத்தமும் இல்லை. செயினில் அப்பிய மணலைச் சிற்றலைகள் தெறித்துக் கழுவின. நான் வேகமெடுத்தேன்.

அந்த வேகத்தை எப்படிச் சொல்வது? அதுவரை எனக்குத் தெரிந்த வேகமெல்லாம் மூச்சு வாங்குகிற வேகம். இது அப்படியில்லை. என் கால்தான் மிதித்தது, ஆனால் வேறு யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈரத்தில் வானம் முழுவதும் விழுந்து கிடந்தது. நான் முகில்மேல் ஓடினேன். முன்னால் நூற்றுக்கணக்கில் நின்ற கடற்பறவைகள் ஒரே வீச்சில் எழும்பி, என் தலைக்கு மேலால் வளைந்து, எனக்குப் பின்னால் மறுபடி இறங்கின. வலைக்காரர்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையைக் கழற்றினார். எனக்குப் பயமாகவும் இருந்தது, செபம் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. கடவுளே, இதை நடந்தே கடந்த என் கால்களை நினைத்து எனக்கே இரக்கம் வந்தது.

றஞ்சிதம் வீட்டு வாசற்படலையில் பிறேக்கைப் பிடித்தேன். சுறா எண்ணெய்! பிடிக்கவில்லை. தென்னோலைக் கிடுகுவேலியைப் பிய்த்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் போய் விழுந்தேன். பெண்கள் அலறினார்கள். எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

இந்த முறையும் கழுத்தில் கொடி. இரண்டு சுற்று. தலை வந்த கணம் என் விரல் அங்கே இருந்தது. ஒரு சுற்று, மறு சுற்று, கழன்றது. பெண்பிள்ளை. வெளியே நின்றவர்களுக்கும் கேட்கக் கத்தியது.

எல்லாம் துடைத்து முடிந்தபின் றஞ்சிதம் வாய் திறந்தாள். "எதில வந்தனீங்கள்?"

"சைக்கிளில."

"காட்டுங்கோ."

வாசலுக்கு உருட்டி வந்தேன். ஈரமும் மணலுமாக, வேலிக் கிடுகு ஒன்று ஹாண்டிலில் தொங்க நின்றது. அவள் பிள்ளையை அணைத்தபடி அதை வெகு நேரம் பார்த்தாள்.

"எப்ப வாங்கினனீங்கள்?"

"ரெண்டு மாசம்."

"அப்ப போன வருசம் உங்களிட்ட இது இல்லை."

"இல்லை."

"அப்ப நீங்கள்தான் என்ன செய்யிறது, மிசி" என்றாள்.

நான் வாசலிலேயே இருந்து அழுதேன். யாருக்கும் மறைக்கவில்லை.