லொக் கேட்டில் மரத்தூள்

“கதவடியில தண்ணி இழுக்கிற எடம் ஈக்கா மிஸ்?”

“இழுக்கிற அளவுக்கு ஒண்டும் இல்லை இப்ஹாம். ரெண்டு மணித்தியாலம் நிண்டு பாத்தனாங்கள். ரெண்டு விரல்கடைதான் தண்ணி இறங்கினது.”

“ரிப்போட்ல மிஸ்ட கையெழுத்தா?”

“ஓம், என்ரை கையெழுத்துத்தான்.”

“அப்ப சரி. நானும் படிச்சவங்களுக்குப் பொறகாலயே போறன்.”

அவ்வளவுதான் பேச்சு. சோப்பு நுரை தடவி ரப்பர் உடுப்பின் கைக்குள் தன் கையை நுழைத்தபடி இப்ஹாம் கேட்டதும், குடையை மடக்கிக்கொண்டே தான் பதில் சொன்னதும் அருந்ததிக்கு ஓர் எழுத்து விடாமல் நினைவிருந்தது. காலை பத்து இருபதுக்குச் சுழியோடி இப்ஹாம் தண்ணீரில் இறங்கினான். பதினொன்றரைக்கு அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து சீமெந்துத் தரையில் கிடத்தினார்கள். வலது கை தோள்மூட்டிலிருந்து திரும்பி, தன்னுடையதல்லாத கைபோலக் கிடந்தது.

ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்த ஏழு மாதத்தில் அருந்ததி ஒருநாளும் ஒழுங்காக உறங்கியதில்லை.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால், கால்வாய் போய் ஆற்றில் விழும் இடத்தில் இருந்தது அந்த லொக் கேட். வெள்ளைக்காரன் காலத்தில் சரக்கு வள்ளங்கள் ஏறி இறங்கக் கட்டியது. இரண்டு சோடி இரும்புக் கதவுகள், நடுவே தண்ணீர் நிரப்பும் ஓர் அறை. இப்போது வள்ளம் எதுவும் வருவதில்லை. ஆறு பெருகினால் வெள்ளம் ஊருக்குள் ஏறாமல் தடுப்பது ஒன்றுதான் அந்தக் கதவுகளுக்கு மிஞ்சியிருக்கும் உத்தியோகம். கதவைத் திருத்துவதா, கழற்றிவிட்டுப் புதிது போடுவதா என்று ஆராய்ந்து சொல்வது அருந்ததி வேலை பார்த்த ஆய்வுப் பிரிவின் பொறுப்பு. இரும்பின் தடிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கதவின் அடியில் தண்ணீர் கசியாமல் பிடிக்கும் ரப்பர் பட்டி இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதையெல்லாம் பதினொரு வருடமாக அவள் அளந்து வந்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டே காய்ச்சலைச் சொல்லும் தாயைப் போல, ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தே அதன் வயதைச் சொல்லுவாள்.

சுழியோடி இறங்குமுன் கதவின் இரண்டு பக்கமும் தண்ணீரை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் முறை. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால், ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் ஆளை இழுத்துவிடும். அன்றைக்கு ஆறு நாலு அடி உயர்ந்திருந்தது. மட்டத்தைச் சமப்படுத்தினால் கால்வாய் ஓரத்து வீடுகளின் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும். கசிவு ரெண்டு விரல்கடைதானே, தேவையில்லை என்றார் ஆய்வுப் பிரிவின் பெரியவர். அருந்ததியும் தலையை ஆட்டினாள்.

கதவடியில் படிந்த சேற்றைச் சுரண்டித் தடிப்பு அளக்கப் போனவனின் கையைக் கதவு இழுத்துக்கொண்டது. முகமூடி கழன்று போயிற்று. தண்ணீர் திறக்கும் சக்கரத்தைச் சுற்றி மறுபக்கம் நிரப்பி அவனை விடுவிக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

இறந்தவன் திரும்பி வந்து வழக்காட மாட்டான் என்ற தைரியத்தில், விசாரணைக் குழு தனது இடைக்கால அறிக்கையில் ‘சுழியோடியின் கவனயீனம்’ என்று எழுதி அவன் மனைவிக்கும் ஒரு பிரதியை அனுப்பி வைத்தது.

இப்ஹாமின் கையோடு கிழிந்து வந்த ரப்பர்த் துண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தபோதுதான் அருந்ததிக்கு விளங்கியது. பூதக்கண்ணாடியின் கீழ் அந்தக் கிழிசலின் வாய்க்குள் ஏதோ மண்ணிறமாக இறுகிக் கிடந்தது. சேறாக்கும் என்று ஊசியால் கிளறி விரலில் எடுத்து நசுக்கினாள். சேறு இல்லை. மரத்தூள்.



கேட் காவல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம் அது. ஒழுகும் கதவுக்கு ஆற்றுப்பக்கம் மரத்தூளைக் கூடையில் கட்டி இறக்கினால், தண்ணீரே தூளை இழுத்துக்கொண்டு போய் ஓட்டையை அடைத்துவிடும். சில நாளைக்குத் தாங்கும். சோதனைக்கு வருகிறோம் என்று ஒரு கிழமைக்கு முதலே கடிதம் போட்டிருந்தார்கள். விருந்தாள் வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டித் துடைப்பதில்லையா? காவல்காரர் சுடலைமுத்துவும் தன் கதவைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறார். அளக்க வந்தவர்கள் அவருடைய தூளை அளந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் இப்ஹாம் போய் அதைச் சுரண்டினான்.

தூள் ஏதும் போட்டனீங்களோ அண்ணை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினொரு வருட அனுபவத்துக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில் அவள் கணவன் ராகுலன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். கந்தோர் வேலை முடிந்து முதலில் வருபவர் சமைப்பது என்பது கலியாணமான புதிதில் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். இந்த ஏழு மாதமாக அருந்ததி முதலில் வந்ததே இல்லை.

“நாளையிண்டைக்குத்தானே கடைசி விசாரணை?”

“ஓம்.”

“என்ன சொல்லப் போறீர்?”

“ரப்பரைக் கொண்டுபோய்க் காட்டப் போறன்.”

“ரப்பர் வாய் திறந்து கதைக்குமே?” அவன் நிமிரவில்லை. “ஆத்துக்கு மேலை மரம் அரியிற மரக்காலை இருக்கு, அங்கையிருந்து மிதந்து வந்திருக்கும் எண்டு சொல்லுவினம். தூளைப் போட்ட மனிசன் வந்து சொன்னால்தான் எடுபடும். அவரைக் கேட்டனீரோ?”

“ஒன்பது தரம் போய் வந்திட்டன்.”

“போனது தெரியும். கேட்டனீரோ எண்டுதான் கேட்டனான்.”

எப்படிக் கேட்பது? ஒவ்வொரு தரமும் நீர்மட்டம் பார்க்க வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு போவாள். சுடலைமுத்துவின் மனைவி யோசெப்பின் வீங்கிய காலை இழுத்து இழுத்து வந்து பிளேன்டீ தருவாள். சுடலைமுத்துவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். அதற்குள் வேலையால் நிறுத்திவிட்டால், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஓரறைக் குவாட்டர்ஸிலிருந்து மறுநாளே சாமான் சட்டியை வெளியே வைக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கேட்க வந்த கேள்வியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

“அந்த மனிசன் எனக்கு மரியாதை செய்யத்தான் அதைப் போட்டது,” என்றாள். “அதை வந்து சபையிலை சொல்லுங்கோ எண்டு நான் எந்த முகத்தோடை கேக்கிறது?”

ராகுலன் துருவலையை ஓரமாக வைத்தான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“ஏழு மாசமா எங்கடை கட்டிலிலை மூண்டு பேர் படுக்கிறம் அருந்ததி. எனக்கு அந்தப் பொடியனிலை கோவம் இல்லை. ஆனா அவன் எப்ப எழும்பிப் போவான் எண்டு நீர்தான் சொல்ல வேணும்.”

அவள் குசினிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அவன் தேங்காய்ப்பூக் கையோடு அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

வியாழன் காலை பத்தாவது தரமாகப் போனாள். தெருவிலேயே கதவின் சத்தம் கேட்டது. அடியில் தண்ணீர் பீறிட்டு, உலை கொதிப்பது போலக் கால்வாய்ப் பக்கம் பொங்கிக்கொண்டிருந்தது. விசாரணை முடியும் வரை கதவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. சுடலைமுத்துவும் அன்றைக்குப் பிறகு ஒரு பிடி தூள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அருந்ததி கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருவரும் ஒரே பிணத்தின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்துகொண்டு மழையைப் பற்றிக் கதைப்பவர்கள் போலக் காலத்தை ஓட்டினார்கள்.

“வாங்கம்மா. மட்டம் பாக்கவா?” என்றார் சுடலைமுத்து, சக்கரத்துக்குக் கிறீஸ் பூசியபடி. “நேத்தும் அதேதான், இன்னைக்கும் அதேதான். ஆறு என்ன, உங்களுக்காகவா ஏறி எறங்கப் போகுது?”

“யோசெப்பின் அக்காவுக்குக் கால் எப்பிடி?”

“வாய் நல்லா இருக்கு. கால்தான் சரியில்ல.”

உள்ளேயிருந்து யோசெப்பின், “எனக்குக் கேக்குது,” என்றாள்.

அப்போது வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் இறங்கினாள். பின்னால் அவள் நானா என்று அழைக்கும் தமையன் சஜீத். இப்ஹாமின் மனைவி பைறோஸா. அருந்ததி அவளை விசாரணை மண்டபத்தில் தூரத்தில் கண்டதுதான். பக்கத்தில் பார்க்க இன்னும் சின்னப் பிள்ளையாக இருந்தாள்.

“அவர் மௌத்தாகி இத்தா இருந்து முடிஞ்சும் விசாரணைக்குத் தவிர வெளிய எறங்கல்ல,” என்றாள் பைறோஸா, யாரையும் பார்க்காமல். “நாளைக்கு முடிவு செல்றாங்களாம். அதுக்கு முன்னுக்கு எடத்த ஒருக்கப் பாக்கணும் எண்டு நானாட்ட அழுது வந்த.”

யோசெப்பின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பைறோஸா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து அருந்ததியிடம் நீட்டினாள்.

“மிஸ், நீங்க இஞ்சினியர்தானே. சிங்களத்துல வந்திச்சி. நானா வாசிச்சிக் காட்டினார். கவனயீனமாம். அப்பிடித்தானா எழுதி ஈக்கி?”

“ஓம்,” என்றாள் அருந்ததி.

“அவரா கவனமில்லாத ஆள்? எங்கட பர்ஹாக்கு மீன் ஊட்டக்குள்ள முள்ளெடுத்துப்போட்டு மறுகா மூணு தரம் தடவிப் பாப்பார். புள்ள பசியில கத்துவா. நான் ஏசுவேன். ஊட்டி முடியுறதுக்குள்ள சோறு காஞ்சி போகும்.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எனக்கு ஒண்டும் வாணாம். நாளைக்கிப் புள்ள பெருசாகி, வாப்பா எப்பிடி மௌத்தானார் எண்டு கேட்டா இந்தக் கடுதாசியத்தானா நான் காட்ட?”

சஜீத் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

“அவர்ட கை போன எடம் எது?”

சுடலைமுத்து விரலைக் காட்டினார். பைறோஸா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கீழே தண்ணீர் இரைந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் கண்ணீர் இல்லை, புதிதாக ஒரு பயம் இருந்தது.

“இவ்வளவு சத்தமாப் போகுதே. செவிடனுக்கும் கேக்குமே இது. இதக் கேட்டுக்கிட்டேவா அவர் கைய உட்டார்?”

பைறோஸா கம்பியை விட்டுவிட்டு அருந்ததியிடம் வந்தாள்.

“அப்ப அவங்க எழுதினது சரிதானா, மிஸ்?”

“அன்னைக்குச் சத்தம் இல்லம்மா,” என்றார் சுடலைமுத்து. வார்த்தை அவரை அறியாமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அதைப் பொறுக்கி எடுக்க வழியில்லாமல் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் இல்ல?”

அவர் அருந்ததியைப் பார்த்தார். கதிரையோடு நின்ற யோசெப்பினும் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து அவளுக்கும் எல்லாம் தெரியும் என்பது அருந்ததிக்கு விளங்கியது. இந்த ஒன்பது தரமும் அவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று காத்திருந்திருக்கிறார்கள். இனித் திரும்பிப் போய் ஏறுவதற்குப் பஸ் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடிதத்தை மடித்துப் பைறோஸாவின் கையில் கொடுத்துவிட்டு, சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை,” என்றாள். “நாளைக்கு விசாரணையிலை முதல் நான் எழும்புறன். ஒரு வார்த்தை விசாரிக்காமல் கையெழுத்து வைச்சது நான், இறங்கலாம் எண்டு அவருக்குச் சொன்னதும் நான் எண்டு சொல்லுறன். எனக்குப் பிறகு நீங்கள் எழும்பவேணும். சோதனைக்கு முதல் கதவடியிலை மரத்தூள் போட்டனீங்கள் எண்டதை உங்கடை வாயாலை சொல்லவேணும். ஏழு மாசமா இதைக் கேக்கத்தான் வந்து வந்து போனனான். இப்ப இவவுக்கு முன்னாலை கேக்கிறன். என்னோடை வந்து சொல்லுவீங்களே?”