அண்ணனுக்குச் சேர வேண்டியது

அப்பாவுக்குப் பார்வை போன பிறகு பகலும் கனவும் ஒன்றாகிவிட்டன. கிணறு வெட்டுவதில் பேர் போனவர், இப்போது ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி, மண்ணுக்கடியில் தண்ணீர் நடந்து போகும் சத்தம் கேட்கிறது என்பார். மூத்தவன் வந்துவிட்டானா என்றும் கேட்பார்.

பிள்ளைகள் இரட்டையர். மூத்தவன் அப்பாவோடு குழிக்குள் இறங்கியே வளர்ந்தவன். இளையவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஒருநாள் ஏதோ கோபத்தில் அப்பா மூத்தவனிடம், "உனக்குக் கை மட்டும்தான்டா. மூளையெல்லாம் தம்பிக்குப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அன்று வீட்டைவிட்டுப் போனவன்தான்.

ஒரு மத்தியானம், அவர் தவிப்பைப் பார்க்கமாட்டாமல், அம்மா மூத்தவனின் பழைய வேலைச் சட்டையைக் கொண்டுவந்து இளையவனிடம் நீட்டினாள்.

"இதப் போட்டுட்டு உள்ள போ. பெரியவன் வந்துட்டான்னு நினைச்சு நிம்மதியாத் தூங்கட்டும்."

"என்னம்மா, பைபிள்ல வர்ற யாக்கோபு கதையா இருக்கு! அண்ணன் துணியப் போட்டுட்டுப் போய், கண்ணு தெரியாத அப்பாவ ஏமாத்தி ஆசீர்வாதத்தத் தட்டிப் பறிச்சானே!"

"அவன் எடுத்துக்கப் போனான். நீ குடுக்கப் போற. போடா."

உள்ளே திரைச்சீலை மெல்ல உப்பித் தணிந்தது. அறையின் வெளிச்சம் நீருக்குள் விழுந்த வெளிச்சம்போல அசைந்தது.

"யாரு?"

"மூத்தவன்ப்பா," குரலைத் தடிப்பாக்கிக்கொண்டான்.

அப்பா சட்டையை முகர்ந்தார். பிறகு கையைத் தடவினார். காய்ப்பே இல்லாத, சோப்பு மணக்கும் கை. அவர் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"வாடா மூத்தவனே," என்றார் அப்பா. கண்ணோரம் நனைந்தது. "உன் கை பட்ட மண்ணுல தண்ணி ஊறட்டும். போற எடமெல்லாம் உனக்கு நிழல் இருக்கட்டும்."

பிறகு ரகசியம்போலச் சொன்னார்: "யாக்கோபோட அப்பா ஈசாக்கு ஏமாந்துட்டார்னு ஊரே சொல்லுது. பெத்தவனுக்குப் பிள்ளையோட மூச்சு தெரியாதா?" இளையவனின் விரல்களை மடக்கி மூடினார். "கொண்டுபோய் அவன்கிட்டச் சேத்துடு."

அந்தச் சட்டையோடுதான் இளையவன் பஸ் ஏறினான். மூடிய கையைத் திறக்க மனம் வரவில்லை. பாதி தூக்கத்தில், பாதி விழிப்பில், விசாரித்து விசாரித்து ஒரு புதுக் கிணற்றின் விளிம்புக்கு வந்து நின்றான். உடம்பெல்லாம் சேறாக மூத்தவன் மேலே ஏறி வந்தான். அடிப்பானோ என்று இளையவன் ஓரடி பின்வாங்கினான்.

"என் சட்டைய ஏன்டா போட்டிருக்க?"

இளையவன் எட்டி, அண்ணன் தலையில் கையைத் திறந்து வைத்து, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"அன்னைக்குப் பேசினது தப்புன்னு சொன்னாரா?"

"சொல்லல. அழுதாரு."

மூத்தவன் அவனை இழுத்து இறுக்கிக்கொண்டான். இருவர் மேலும் சேறு.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான். அப்பாதான் முதலில், "அங்க பாறை எத்தனை அடியில வந்துச்சு?" என்றார்.

மூத்தவன் சொல்லத் தொடங்கினான். களிமண், சரளை, அதற்கடியில் கறுப்புப் பாறை. அப்பா நடுநடுவே திருத்தினார். மூத்தவன் மறுத்துச் சண்டை போட்டான். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளையவன் எப்போது தூங்கிப்போனான் என்று அவனுக்கே தெரியாது.