பெயர் மாற்றப்பட்டுள்ளது

ஸர்கா நகரில் எங்கள் தெருப் பெண்கள் பலர் கல்லூரிக்குப் போய் ஒரே வருஷத்தில் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று நாங்களே விசாரித்துக் கண்டுபிடிப்பதாக இளைஞர் மையத்தில் முடிவானது. நாங்கள் என்றால் ஐந்து பெண்கள், யாருக்கும் இருபது தாண்டவில்லை. மையத்தை நடத்திய ஆசிரியர் உஸ்தாத் நிஸார், வறுமை, சின்ன வயசுக் கல்யாணம், இந்த இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அறுபத்து மூன்று பேரைக் கேட்டோம். நாற்பத்தொரு பேர் சொன்னது மினிபஸ்ஸை. நெரிசலில் கை வைக்கும் ஆண்கள், அதைப் பார்த்துச் சிரிக்கும் கண்டக்டர்.

மனம்விட்டுப் பேசியவள் அரீஜ். எங்கள் வீட்டுக்கு மேல்மாடி, நர்ஸிங் இரண்டாம் வருஷம். ஒருநாள் பின்னால் நின்றவனைப் பற்றி கண்டக்டரிடம் முறையிட்டாளாம். இவ்வளவு நாசூக்கு பார்க்கிறவள் டாக்ஸி வைத்துக்கொண்டு போகவேண்டியதுதானே என்றிருக்கிறான். வெள்ளைக் கோட்டோடு எண்ணெய் ஆலைச் சந்திப்பில் இறங்கி, கொளுத்தும் வெயிலில் வீடுவரை நடந்தே வந்திருக்கிறாள்.

"வீட்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா பஸ்ஸையா நிறுத்துவாங்க? என்னைத்தான் நிறுத்துவாங்க."

அறிக்கையில் பெயரை மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். மாற்றவும் செய்தேன்.

அறிக்கையை வாசித்த அன்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். எண்களைச் சொன்னபோது பாதிப் பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அரீஜின் கதைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு, சந்திப்பு, வெயில், எதையும் விடவில்லை. விட்டிருந்தால் சப்பென்று போயிருக்கும். போனை வைத்துவிட்டுக் கேட்டார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வந்தவர்களில் பஸ் முதலாளி ஒருவரும் இருந்தார். அரீஜின் அப்பா அபூ ஸுஹைபின் கடையில்தான் அவர் வண்டிகளுக்கு டயர் பார்ப்பது. மறுநாள் அங்கே போய், அன்றைக்குக் கோட்டோடு நடந்து வந்தது உங்கள் மகள்தானே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். வாரம் தொடங்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அரீஜ் கல்லூரிக்குப் போகவில்லை.

மேலே ஓடினேன். அபூ ஸுஹைப் கத்துவார் என்று பயந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் கறுத்துப்போன கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷமா இதைத் தாங்கிக்கிட்டு போயிருக்கா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்கப்புறம் எப்படிம்மா அனுப்புவேன்?"

தினமும் நான் கூடவே போகிறேன் என்றேன். நீயும் ஒரு பெண்தானே என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது.

உஸ்தாத் நிஸாரிடம் போனேன். வருத்தப்பட்டார். சம்மதப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைவுபடுத்தினார். பிறகு, அவள் நின்றுபோனதையும் அறிக்கையின் கடைசியில் சேர்த்தால் என்ன என்று கேட்டார். பஸ்களில் சகோதரிகளை மதிப்போம் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து மாடிப்படியில் அரீஜ் தனியாக வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அத்தனை பேர்கிட்ட கேட்டியே ருபா, உன்கிட்ட யாருடீ கேட்டா?"

"நான் கேள்வி கேக்கறவ. என்னைச் சேக்கக் கூடாது."

"உனக்கும் நடந்திருக்குல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு, பாப்போம்."

அன்று சாப்பிடும்போது அப்பாவே பேச்செடுத்தார். பஸ்ஸில் அப்படியெல்லாம் நடக்கிறதாமே, உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது.

காலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு இறங்கினேன். மேல்மாடி ஜன்னலில் அரீஜ் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். நான் போவதைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.